பத்து சென்ட் கௌரியம்மா

திருவனந்தபுரம் பாளையத்தில், எம்.ஜி. சாலையோரம், 1896-ல் கட்டப்பட்ட ஒரு மண்டபம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் பேரில் எழுந்தது. வி.ஜே.டி. ஹால் என்றே நகரம் அதை நூறாண்டுக்கு மேல் அழைத்துவந்தது. 2019-ல் கேரள அரசு அதற்கு அய்யன்காளி ஹால் என்று பெயரிட்டது. காரணமில்லாமல் வைத்த பெயரல்ல. திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம் அது. வெங்ஙானூரைச் சேர்ந்த புலையர் தலைவர் அய்யன்காளி அந்தச் சபையில் உறுப்பினராக எழுந்து நின்று, தன் மக்களுக்குப் புதுவல் எனும் அரசுத் தரிசு நிலம் வேண்டும், குடிசை போட்டுக்கொள்ளச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்.

அந்தக் குரல் ஒலித்து நூறாண்டுக்குப் பிறகு, 2021 மே 11 அன்று, அதே மண்டபத்தில் ஒரு மூதாட்டியின் உடலைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோவிட் இரண்டாம் அலை ஊரை முடக்கியிருந்த நேரம். மூன்று நாள் முன்புதான் கேரளத்தில் ஊரடங்கு தொடங்கியிருந்தது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது விதி. அந்த மூதாட்டிக்காக அரசு விதியைத் தளர்த்தி 300 பேர் வரை அனுமதித்தது. 101 வயது. கே.ஆர். கௌரியம்மா. 1957-ல் பதவியேற்ற கேரளத்தின் முதல் அமைச்சரவையில் கடைசியாக உயிரோடிருந்தவர்.

ஓர் அமைச்சரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பட்டியல் போடத் தொடங்கும்: எத்தனை முறை வென்றார், எந்தெந்தத் துறை, எந்தெந்த முதல்வர். கௌரியம்மாவுக்கு அந்தப் பட்டியல் மிக நீளம். 32 வயதில் சட்டமன்றத்துக்குள் போனவர் 86 வயதில் வெளியே வந்தார். இந்தியாவில் வேறெந்தப் பெண்ணும் இவ்வளவு காலம் சட்டமன்றத்தில் இருந்ததில்லை என்று சொல்வார்கள். நான் அந்தப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு மலையாளச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ஒழிப்பிக்கல். நிலத்திலிருந்து, குடிசையிலிருந்து ஆளை வெளியேற்றுவது. 'வீட்டை ஒழித்துக் கொடு' என்று நாமும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான். அதைத் தடுத்து நிறுத்தியதுதான் இந்தப் பெண் அமைச்சரானதும் செய்த முதல் வேலை.

பட்டணக்காட்டுப் பெண்

1919 ஜூலை 14-ல் சேர்த்தலை வட்டம் பட்டணக்காட்டில் பிறந்தார். அப்பா கே.ஏ. ராமன், அம்மா பார்வதியம்மா. வசதியுள்ள ஈழவக் குடும்பம். ஸ்ரீநாராயண குருவின் சொல் வீடுதோறும் புகுந்திருந்த காலம் என்பதால், மகளைப் படிக்க அனுப்ப அப்பா தயங்கவில்லை. துறவூர், சேர்த்தலைப் பள்ளிகள், பிறகு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி, புனித தெரேசா கல்லூரி, அதன்பின் சட்டப் படிப்பு. ஈழவப் பெண்களில் சட்டம் படித்த முதல் ஆள் என்று கேரளம் அவரைக் குறிப்பிடும். சேர்த்தலையில் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்காடவும் தொடங்கினார்.

பிறந்த மண் அவரைக் கோட்டோடு விட்டுவிடவில்லை. பட்டணக்காட்டுக்குப் பக்கத்து ஊர் வயலார். 1946 அக்டோபரில் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் படை புன்னப்புரையிலும் வயலாரிலும் கயிறு, வயல் தொழிலாளர்களைச் சுட்டு வீழ்த்தியது. சி.பி. நம் ஊரிலிருந்து போனவர் என்பதை நாம் மறந்திருக்கலாம், சேர்த்தலை மறக்கவில்லை. அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்கக்காரர். அவர் வழியாக வந்த தொடர்புகள் கௌரியைக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கொண்டுபோயின. கட்சியில் சேர்த்துக்கொண்டவர் பி. கிருஷ்ணபிள்ளை.

1948-ல் திருவிதாங்கூர் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். கட்சி வேட்டையாடப்பட்ட காலம், சிறைக்குப் போனார், அடி வாங்கினார். போலீஸ் லத்திகளுக்குப் பிள்ளை கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் தான் எத்தனையோ லத்திக் குழந்தைகளைப் பெற்றிருப்பேன் என்று பின்னாளில் அவர் சொன்னது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாசகத்தை மேடையில் கைதட்டலுக்காகச் சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அடிவயிறு கலங்கும். ஒரு பெண் தன் உடம்புக்கு நேர்ந்ததை 1950-களின் கேரளத்தில் வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும்? 1952-லும் 1954-லும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குச் சேர்த்தலை மக்கள் அவரை அனுப்பினார்கள்.

ஆறே நாள்

1956 நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நம் பக்கம் வந்தன. மலபார் அந்தப் பக்கம் சேர்ந்தது. புதிய கேரளத்தின் முதல் தேர்தலில், 126 இடங்களில் 60 இடங்களைக் கம்யூனிஸ்ட் கட்சி பிடித்தது. சுயேச்சைகள் 5 பேர் கைகொடுக்க, 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். அவரோடு சேர்த்து 11 பேர். நிதிக்கு அச்சுத மேனன், கல்விக்கு ஜோசப் முண்டசேரி, சட்டத்துக்குப் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், தொழிலாளர் நலனுக்கு டி.வி. தாமஸ். 11 பேரில் ஒரே பெண் கௌரி. கொடுத்த துறை வருவாய்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அமைச்சர் பதவி கொடுத்தால் சமூக நலம் என்றோ, மகளிர், குழந்தைகள் என்றோ ஒரு துறையை எடுத்து நீட்டுவது இன்றும் ஓயாத பழக்கம். நிலம், வரி, பட்டா, தாசில்தார், கலெக்டர் எல்லாம் அடங்கிய வருவாய்த் துறையை 37 வயதுப் பெண்ணிடம் அன்று கொடுத்தார்கள். அதே ஆண்டு சென்னையில் காமராஜர் அமைச்சரவையிலும் ஒரு பெண் பதவியேற்றார், குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன். குளச்சலும் சேர்த்தலையும் சில மாதம் முன்புவரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்த கடலோர ஊர்கள். ஆக, பிரிந்துபோன ஒரு மாநிலம் இரண்டு தலைநகரங்களுக்கும் ஆளுக்கொரு பெண் அமைச்சரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கடல் தாண்டிப் பார்த்தால், 1957 மார்ச் 6-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா விடுதலை பெற்றது. உலகமே கொண்டாடிய அந்தப் புதிய நாட்டில் சுசானா அல்-ஹசன் முதல் பெண் அமைச்சராவதற்கு 1961 ஆனது.

பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11 அன்று, அவசரச் சட்டம் வந்தது. எந்தக் குத்தகைக்காரரையும் எந்தக் குடிசைவாசியையும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது, நடந்துகொண்டிருக்கும் வெளியேற்ற வழக்குகள் அப்படியே நிற்க வேண்டும்.

ஏன் அத்தனை அவசரம்? நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்ற செய்தி போதும், ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்கள் முந்திக்கொள்வார்கள். சட்டம் எழுதி, விவாதித்து, நிறைவேற்றுவதற்குள் காப்பாற்ற வேண்டிய ஆள் நிலத்திலேயே இருக்கமாட்டான். நாட்டின் பல மாநிலங்களில் அப்படித்தான் ஆனது. காகிதத்தில் குத்தகைதாரர் உரிமை ஏறிய நாளில் வயலில் குத்தகைதாரரே இல்லை. கௌரியும் அவருடைய தோழர்களும் முதலில் கதவைத் தாழிட்டார்கள், பிறகு உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். அந்த ஒரு வரிசைமுறையில்தான் கேரளம் மற்றவர்களிடமிருந்து பிரிந்து நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

குடிகிடப்பு

ஜன்மி, காணம், வெறும்பாட்டம், மிச்சவாரம். பழைய கேரளத்தின் நில உறவைச் சொல்லும் சொற்களில் பாதிக்கு மேல் நமக்குப் புரியும். பாட்டம் என்றால் குத்தகை. வாரம் நம் வாரம்தான். ஆனால் குடிகிடப்பு என்ற சொல்லில் இருக்கும் வலி நம் 'குடியிருப்பு' என்ற சொல்லில் இல்லை. நாம் இருக்கிறோம், அவர்கள் கிடந்தார்கள்.

நிலக்காரரின் தென்னந்தோப்பு மூலையில், வயல் வரப்போரம், ஓலைக் குடிசை போட்டுக்கொள்ள ஒரு கூலிக் குடும்பத்துக்கு வாய்மொழியாக அனுமதி கிடைக்கும். அதற்குப் பதிலாகக் கூப்பிட்ட நேரத்தில் வேலைக்குப் போக வேண்டும். குடிசைக்கு மேல் நிழல் விரிக்கும் தென்னையில் ஒரு காயைக்கூடத் தொடக்கூடாது. கூலி உயர்த்திக் கேட்டாலோ, வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, வீட்டுப் பெண்ணைப் பற்றி யாராவது பேசியதற்கு எதிர்த்து நின்றாலோ, அன்று மாலையே ஓலை பிரிக்கப்படும். சட்டியும் பாயும் வெளியே வரும். போலீஸுக்குப் போக முடியாது. போனாலும் சட்டப்படி அவனுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை.

ஏப்ரல் 11-க்குப் பிறகு அந்த ஓலையைப் பிரிப்பது குற்றமாகிவிட்டது.

1957 டிசம்பரில் நில உறவுகள் மசோதாவைக் கௌரி சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தலைமைச் செயலக வளாகத்துக்குள்ளேயே இருக்கிற பழைய சட்டமன்ற மண்டபத்தில் ஒன்றரை ஆண்டு அது அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நிலம் என்றால் சட்டம் படித்தவருக்குக்கூடத் தலை சுற்றும். திருவிதாங்கூருக்கு ஒரு முறை, கொச்சிக்கு ஒன்று, மலபாருக்கு வேறொன்று. மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். 1959 ஜூனில் மசோதா நிறைவேறியது. அப்போது வெளியே ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

விமோசன சமரம், அந்த அரசுக்கு எதிரான 'விடுதலைப் போராட்டம்'. முண்டசேரியின் கல்வி மசோதாவும் நில மசோதாவும் யாரையெல்லாம் தொட்டனவோ அவர்களெல்லாம் ஒரே வரிசையில் நின்றார்கள். மன்னத்து பத்மநாபனின் நாயர் அமைப்பு, கத்தோலிக்க சபை, காங்கிரஸ், முஸ்லிம் லீக். ஜூன் 13-ல் அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். ஜூலையில் திருவனந்தபுரத்தின் கடற்கரைக் குப்பமான செறியதுறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கர்ப்பிணியான மீனவப் பெண் ஒருவர் செத்தார். ஏழைகளின் அரசு என்று வந்தவர்களின் போலீஸ் ஓர் ஏழைத் தாயைக் கொன்றது. அந்த அரசை நேசிப்பவர்களும் இதை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது. ஜூலை 31 அன்று மத்திய அரசு 356-வது பிரிவைப் பயன்படுத்தி அமைச்சரவையைக் கலைத்தது. ஒழிப்பிக்கலைத் தடை செய்தவர்களை டெல்லி ஒழிப்பித்தது.

மசோதா மட்டும் சாகவில்லை. குடியரசுத் தலைவரிடமிருந்து திருத்தங்களோடு திரும்பி வந்து மறுபடி நிறைவேறியது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை வெட்டியது. 1963-ல் காங்கிரஸ் ஆட்சி வலுக்குறைந்த வேறொரு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு இப்படியே போனது.

இரண்டு பங்களாக்கள்

முதல் அமைச்சரவையில் இருந்தபோதே, 1957 மே மாதம், கௌரியும் டி.வி. தாமஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆலப்புழைத் தொழிலாளர்களின் தலைவர் அவர். ஈழவப் பெண்ணும் கிறிஸ்தவ ஆணும், இருவரும் அமைச்சர்கள். 1964-ல் கட்சி உடைந்தது. கௌரி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே தங்கினார். 1967-ல் ஏழு கட்சிக் கூட்டணியாக இ.எம்.எஸ். மறுபடி ஆட்சிக்கு வந்தபோது இருவரும் அமைச்சர்கள், ஆனால் வேறு வேறு கட்சியின் அமைச்சர்கள். திருவனந்தபுரத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய அரசு பங்களாக்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒரு மதில். அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் மனைவி.

கேரளத்துச் சினிமாவும் பத்திரிகைகளும் இந்த மதிலைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டன. 1990-ல் வந்த 'லால் சலாம்' படத்தின் கதைக்குள் இவர்களின் வாழ்க்கை இருக்கிறது. கௌரியம்மாவை வெறும் காதல் கதையின் நாயகியாக மாற்றிவிட்டால், பங்களாவுக்குள் நள்ளிரவு வரை எரிந்த விளக்கு எதற்காக என்பது மறைந்துபோகும். அவர் மேசையில் இருந்தது 1963 சட்டத்துக்கான திருத்தம். இரண்டாம் முறையும் வருவாய்த் துறை அவரிடமே இருந்தது. முதல் முறை நீதிமன்றத்தில் எங்கெங்கே இடறியதோ அங்கெல்லாம் கல்லைப் பொறுக்கிவிட்டு எழுதினார்கள்.

1969 அக்டோபரில் திருத்த மசோதா நிறைவேறியது. அதே மாதம் கூட்டணி உடைந்து அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்தது அச்சுத மேனனின் அரசு, அதாவது தாமஸின் கட்சி தலைமை தாங்கிய அரசு. மனைவி எழுதிக் கொண்டுவந்த சட்டத்தைக் கணவரின் கட்சி 1970 ஜனவரி 1 அன்று அமலுக்குக் கொண்டுவந்தது. இதன் பெருமை யாருக்கு என்று இரண்டு கட்சிகளும் இன்னும் சண்டை போடுகின்றன. 2020-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவிலும் சண்டை போட்டன.

சட்டத்தின் உள்ளே இருந்தது இதுதான். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை என்ற உறவே கேரளத்தில் இல்லை. ஜன்மியின் உரிமை அரசிடம் போய்ச் சேரும், அரசிடமிருந்து உழுபவர் வாங்கிக்கொள்வார். நிலத் தீர்ப்பாயம் பட்டயம் தரும். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு. குடிகிடப்புக்காரருக்குக் குடிசை இருக்கும் இடத்தோடு சேர்த்து, பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3. விலை சந்தை மதிப்பில் நாலில் ஒரு பங்கு, அதிலும் பாதியைத்தான் குடிசைக்காரர் தர வேண்டும், தவணையில்.

சட்டம் வந்துவிட்டது என்று மக்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழைக்கு அருகே அரவுக்காட்டில் பெரும் மாநாடு கூடி, ஜனவரி 1 முதல் உரிமையை நாமே எடுத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தது. புத்தாண்டு பிறந்ததும் குடிசைக்காரர்கள் கயிறு பிடித்து 10 சென்ட்டை அளந்தார்கள், வேலி கட்டினார்கள், அதுவரை தொடக்கூடாத தென்னையில் ஏறித் தேங்காய் பறித்தார்கள். அடியும் வாங்கினார்கள், வழக்கும் வாங்கினார்கள். உச்சவரம்புக்கு மேல் இருக்கும் மிச்சபூமியை எடுத்துக் கொடு என்று 1972-ல் திருவனந்தபுரத்தின் முடவன்முகள் அரண்மனை மதிலை ஏ.கே. கோபாலன் ஏறிக் குதித்தார். முதிய வயதில் ஒரு மக்களவை உறுப்பினர் சுவரேறிக் குதித்த கதையை இந்த நகரத்தில் இப்போதும் சொல்வார்கள்.

சட்டம் இன்னோர் எதிர்பாராத வேலையும் செய்தது. காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, மடத்து நிலம் போகிறதே என்று உச்ச நீதிமன்றம் போனார். 13 நீதிபதிகள் கேட்டு, 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்புச் சொன்னார்கள்: நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. இன்று ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று யார் நீதிமன்றம் போனாலும் கையில் பிடித்துக்கொள்ளும் அந்தத் தீர்ப்பின் வேர் கேரளத்து நிலச் சட்டத்தில் இருக்கிறது.

வயல் யாருக்கு?

இதைத் தமிழில் எழுதும்போது ஒரு தேதி என்னை விடவில்லை. 1968 டிசம்பர் 25. கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குழந்தைகளும் பெண்களும்தான் அதிகம். திருவனந்தபுரத்தில் கௌரியம்மா மசோதாவின் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஒரு வருடம் ஒரு வாரம் கழித்து அங்கே குடிசை நிலம் குடிசைக்காரருக்குச் சொந்தமானது. குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் நமக்கு 1971-ல் வந்தது. தஞ்சை வயலும் குட்டநாட்டு வயலும் ஒரே மாதிரித்தான் பச்சை. சொந்த வேலிக்குள் நிற்கும் ஆளைக் கொளுத்த வருபவன் ஒரு நிமிடமாவது யோசிப்பான் என்று நம்ப விரும்புகிறேன்.

அதற்காகக் கேரளத்தைக் கோவிலாக்க நான் தயாரில்லை. தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். தேயிலை, ரப்பர் எஸ்டேட்டுகள் ஆயிரக்கணக்கான ஏக்கரோடு அப்படியே நின்றன. மூணாறில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய நம் தமிழ்த் தொழிலாளிக்கு ஓய்வு பெற்ற நாளில் லயத்து அறையும் சொந்தமில்லை. குத்தகைக்காரரை நிலச் சொந்தக்காரராக்கிய சட்டம், அந்தக் குத்தகைக்காரரின் வயலில் சேற்றில் நின்ற புலையருக்கும் பறையருக்கும் வயலைத் தரவில்லை, குடிசை மனையைத்தான் தந்தது. அந்த 10 சென்ட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீடு கட்டியபின் இறந்தவரைப் புதைக்க அடுப்படியை இடித்த குடும்பங்கள் கேரளத்தில் உண்டு. அய்யன்காளி பிரஜா சபையில் கேட்டது இதைவிட அதிகம்.

ஆதிவாசிகளின் கணக்கு இன்னும் மோசம். பறிபோன அவர்கள் நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த அரசும் அமல்படுத்தவில்லை. குடியேறிய விவசாயிகளின் வாக்கு பெரிது, ஆதிவாசியின் வாக்கு சிறிது. 1990-களில் இடதும் வலதும் ஒன்றாய்ச் சேர்ந்து அந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, 140 பேர் சபையில் எதிர்த்து நின்ற ஒரே ஆள் கௌரியம்மா. எழுபதைத் தாண்டிய வயதில், தனி ஆளாக. அவரது வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அது. ஆனால் 2003 பிப்ரவரியில் முத்தங்கா காட்டில் நிலம் கேட்டு அமர்ந்திருந்த ஆதிவாசிகளை ஏ.கே. அந்தோணி அரசின் போலீஸ் சுட்டபோது, அந்த அமைச்சரவையில் அவர் இருந்தார். பதவியை விடவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே கௌரியம்மாதான்.

வராத நாற்காலி

1987 தேர்தலில் இடது முன்னணியின் சுவர்களெல்லாம் அவர் பெயரைப் பேசின. கேரம், அதாவது தென்னை, விளையும் கேரளத்தைக் கௌரி ஆளப்போகிறார் என்ற முழக்கம் ஊர் ஊராய் ஓடியது. பிற்படுத்தப்பட்ட சமூகத்துப் பெண், நிலம் கொடுத்த அமைச்சர். வாக்குகள் விழுந்தன, முன்னணி வென்றது. முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஈ.கே. நாயனார். கௌரியம்மாவுக்குத் தொழில் துறை கொடுத்தார்கள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை அவர். இன்று திருவனந்தபுரத்துக்கு வேலை தேடி வரும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பிள்ளைகள் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. 1990-ல் அந்தத் திட்டம் உருவானபோது தொழில் அமைச்சர் கௌரியம்மா. கணினி வந்தால் வேலை போகும் என்று அவருடைய கட்சியே சந்தேகத்தோடு பார்த்த காலம். மின்னணுத் துறை வல்லுநர் கே.பி.பி. நம்பியாரின் யோசனைக்கு அரசின் முத்திரை கிடைத்தது அந்த அமைச்சரின் காலத்தில். அதே ஆண்டு சமூக நல அமைச்சராக மகளிர் ஆணையச் சட்டத்தையும் அவர் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குக் காத்திருந்து, 1996-ல் கவிஞர் சுகதகுமாரி தலைமையில் ஆணையம் அமைந்தபோது கௌரியம்மா அந்தக் கட்சியிலேயே இல்லை.

1994 ஜனவரி 1-ல் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். கட்சி சொன்னது கட்டுப்பாடு மீறல். நில உரிமை அமலான தேதியும் ஜனவரி 1 என்பதைச் சேர்த்தலைக்காரர்கள் கவனித்திருப்பார்கள். கிருஷ்ணபிள்ளை கொடுத்த உறுப்பினர் அட்டையை நாற்பத்தைந்து ஆண்டு பத்திரப்படுத்திய பெண்ணுக்கு வயது 74. பாலச்சந்திரன் சுள்ளிக்காடு 'கௌரி' என்ற பெயரில் கவிதையே எழுதினார். ஜனநாயகப் பாதுகாப்புச் சமிதி என்று அவர் சொந்தக் கட்சி தொடங்கினார், வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணியில் போய்ச் சேர்ந்தார். 1996-லும் 2001-லும் அரூர் தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தோணியும் உம்மன் சாண்டியும் அவரை அமைச்சராக வைத்துக்கொண்டார்கள். 2006-ல் அரூர் கைவிட்டது. 2011-ல் 91 வயதில் சேர்த்தலையில் நின்று தோற்றார். அதைச் சிலர் பதவி ஆசை என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1948-ல் தோற்றுத் தொடங்கியவருக்குத் தேர்தல் என்பது தன் மக்களிடம் போய் நின்று பேசும் வழி.

2014-ல் அந்த அணியையும் விட்டார். பழைய தோழர்கள் ஆலப்புழை சாத்தனாட்டு வீட்டுக்கு வரப்போக இருந்தார்கள். பழைய உறவு துளிர்த்தது, பழைய கட்சிக்குள் அவர் திரும்பிப் போகவில்லை. வாழ்க்கையைத் தானே எழுதி வைத்தார். அந்தத் தன்வரலாற்றுக்குக் கேரள சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

அவர் இறந்து ஒரு வாரம்தான் கழிந்திருந்தது. மே 18 அன்று பினராயி விஜயனின் புதிய அமைச்சரவைப் பட்டியல் வந்தது. நிபாவையும் கோவிட்டையும் எதிர்கொண்ட சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா, மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பழைய அமைச்சர்கள் யாருக்கும் இடமில்லை என்பது கட்சியின் விளக்கம், முதலமைச்சர் மட்டும் விதிவிலக்கு. திருவனந்தபுரம் அன்று முழுக்க இரண்டு பெயர்களைச் சேர்த்தே பேசியது.

மே 11-க்குத் திரும்புகிறேன். கௌரியம்மா உடல்நலம் குன்றி, உறவினர் வீட்டில் இருக்கத் திருவனந்தபுரம் வந்தது சில வாரம் முன்புதான். ஆறு முறை அமைச்சராகக் குடியிருந்த நகரத்தில், ஒரு மருத்துவமனைக் கட்டிலில் அன்று காலை உயிர் பிரிந்தது. அய்யன்காளி ஹாலில் முகக்கவசம் போட்ட வரிசை நகர்ந்தது. யாரும் யாரையும் தொட முடியாது, கட்டிப்பிடித்து அழ முடியாது. போலீஸ் அணிவகுத்து மரியாதை செய்தது. எந்தப் போலீஸின் லத்திகள் ஒரு காலத்தில் அந்த உடம்பின் மேல் விழுந்தனவோ, அதே போலீஸ்.

பிறகு வண்டி வடக்கே கிளம்பியது. கொல்லம், காயங்குளம், ஆலப்புழை என்று தேசிய நெடுஞ்சாலை. அந்தப் பாதையின் இரு பக்கமும் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சின்னச் சின்ன மனைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு வாழை, கிணறு, வேலி. ஊரடங்கு என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மாலையில் ஆலப்புழை வலிய சுடுகாட்டில், கிருஷ்ணபிள்ளையும் டி.வி. தாமஸும் இருக்கும் அதே மண்ணில், அவருக்குத் தீ மூட்டினார்கள்.